முன்பு சீசர் செய்த தாய் மீண்டும் கருவுற்றால்



"முதல் பிள்ளையை வயிறு வெட்டித்தானே எடுத்தது, இனி எல்லாம் வெட்டுத்தான்" என்று சிலர் சொல்கிறார்கள். "இரண்டாவது தானாகப் பிறக்கும், பெரியாஸ்பத்திரி எதற்கு?" என்பார் வேறு சிலர். கிராமச் சந்திப்புகளில் இரண்டையும் கேட்கிறோம். இரண்டும் முழு உண்மையல்ல.

ஒரே ஒரு முறை சீசர் செய்து, கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால், மறுமுறை சாதாரணமாகப் பெற முயலும் தாய்மாரில் 100க்கு ஏறக்குறைய 72 முதல் 75 பேர் அப்படியே பெறுகிறார்கள். ஆனால் நோவின்போது பழைய தழும்பு பிரிந்து கருப்பை கிழியலாம். இது 200 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு நேர்வது. குறைவுதானே என்று நினைக்கலாம். அந்த ஒருவருக்கு உடனடியாகச் சத்திரசிகிச்சை கிடைக்காவிட்டால் தாயும் பிள்ளையும் உயிரிழக்கலாம். ஆகவே சத்திரசிகிச்சைக்கும் இரத்தம் ஏற்றவும் வசதியுள்ள இடத்தில்தான் பிரசவம் நடக்கவேண்டும். வீட்டில் வேண்டாம். நோவைக் கூட்டவென்று கசாயமும் வேண்டாம்.

வெளித்தழும்பைப் பார்த்து உள்வெட்டை அறிய முடியாது. தோலில் குறுக்காக இருந்தாலும் உள்ளே நெடுக்காக வெட்டியிருக்கலாம். நெடுக்கு வெட்டானால் நோவு வரமுன்பே சீசர் செய்வார்கள். இதைத் தெளிவாகச் சொல்வது முந்திய ஆஸ்பத்திரி தந்த அட்டைதான். இடம்பெயர்ந்த எங்களுக்குச் சிக்கல் இங்கேதான். 1990இல் புத்தளம் போய், இன்று முசலிக்கும் அங்குமாக வாழும் குடும்பங்களில் மூத்த பிள்ளை அங்கே பிறந்திருக்கும். 2008இல் மாந்தை மேற்கிலிருந்து வன்னிக்குள் ஓடியவர்களில் பலர் கடதாசி எதையும் காப்பாற்றவில்லை. காணி உறுதியைப் பொலித்தீனில் சுற்றி வைக்கிறவர்கள் நாம். அந்த அட்டையையும் அதனுள் வையுங்கள். தொலைந்துவிட்டதா? எந்த ஆஸ்பத்திரி, எந்த ஆண்டு, ஏன் வெட்டினார்கள் என்பதை முதல் கிளினிக்கிலேயே சொல்லுங்கள். கேட்டுப் பெற வழியிருக்கலாம்.

இன்னொரு ஆபத்து அதிகம் பேசப்படுவதில்லை. நச்சுக்கொடி பழைய தழும்பின்மேல் ஆழமாக ஒட்டி வளர்ந்தால், பிள்ளை பிறந்தபின் கழராது, இரத்தம் பெருகும், கருப்பையையே அகற்ற நேரலாம். ஒவ்வொரு சீசரோடும் இந்த ஆபத்து கூடுகிறது. ஸ்கானில் பெரும்பாலும் தெரியவரும். அருவி வெட்டு நாள் என்று ஸ்கான் நாளைத் தள்ளாதீர்கள். வயல் ஒரு நாள் பொறுக்கும்.

பிள்ளை பிறந்து அடுத்த கருவுக்கு 2 ஆண்டாவது இடைவெளி வேண்டும். தழும்பு ஆறவும் தாயின் இரத்தம் தேறவும் அது தேவை. கணவன்மாரே, இது உங்களுக்கும் சொன்னது. குடும்பநல உத்தியோகத்தரிடம் இருவருமாகப் போய்ப் பேசுங்கள்.

நோவுக்கும் நோவுக்கும் இடையிலும் விடாத வயிற்று வலி, நோவில்லாமலே இரத்தம் படுதல், தண்ணீர்க்குடம் உடைதல், பிள்ளையின் துடிப்புக் குறைதல், மயக்கம் இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று இருக்கவேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசம். மாரியில் அருவியாறு பெருகிப் பாதை மூடும் ஊர்களில், நாள் நெருங்கமுன்பே மன்னாரில் உறவினர் வீட்டில் தங்குவதுபற்றிக் கிளினிக்கில் கேளுங்கள்.

கூடிப் பேச: எங்கள் ஊரில் முன்பு சீசர் செய்த கர்ப்பிணித் தாய்மார் எத்தனை பேர்? நடு இரவில் அழைத்தால் வரக்கூடிய வாகனம் யாரிடம் உண்டு? தாய் ஆஸ்பத்திரியில் இருக்கையில் மற்றப் பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் பார்ப்பது யார்?