மூன்றடுக்கு முத்திரை மடல்: நத்தாருக்கு ஒரு கைவேலை

நத்தார் நெருங்கும்போது வாழ்த்து மடல்களைப் பற்றிய பேச்சும் வீடுகளில் எழுவது வழக்கம். இன்று கைத்தொலைபேசியில் ஒரே படத்தை நூறு பேருக்கு ஒரு நொடியில் அனுப்பிவிடலாம். ஆயினும் அந்தப் படத்தை அடுத்த ஆண்டில் எடுத்துப் பார்ப்பவர் எத்தனை பேர்? கையால் செய்த மடலோ பல வீடுகளில் வேதாகமத்தின் நடுவிலும் கண்ணாடி அலுமாரியிலும் ஆண்டுக்கணக்காகப் பேணப்பட்டு வருகின்றது.

அச்சிட்ட நத்தார் மடலின் கதை 1843ஆம் ஆண்டில் இலண்டனில் தொடங்குகின்றது. 1840இல் குறைந்த கட்டணத் தபால் முறை வந்தபின் கடிதங்கள் பெருகின. எல்லோருக்கும் தனித்தனியே எழுத நேரமில்லாத ஹென்றி கோல் என்பவர், ஜோன் கல்கொட் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு மடலை வரைவித்தார். அது மூன்று பகுதிகளைக் கொண்டது. நடுவே ஒரு குடும்பம் விருந்துண்கின்றது. ஒரு பக்கத்தில் பசித்தோருக்கு உணவும், மறு பக்கத்தில் ஏழைகளுக்கு ஆடையும் வழங்கப்படுகின்றன. அச்சிட்டபின் கையால் நிறந்தீட்டி, ஒன்று ஒரு சிலிங்குக்கு விற்றார்கள். சாதாரண மக்களுக்கு அது பெருந்தொகை. நாம் இங்கே செய்யப் போகும் மடலுக்கு அவ்வளவு செலவில்லை. வேண்டியது சிறிது பொறுமையே.

எப்படிப்பட்ட மடல் இது?

வெவ்வேறு அளவான மூன்று வெள்ளைத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தற்காலிகமாக ஒட்டி, அவை எல்லாவற்றின் மேலும் படும்படி முத்திரை குத்த வேண்டும். பின்னர் மூன்றையும் பிரித்து, நடுத்தாளுக்கும் சிறிய தாளுக்கும் நிறத்தாளில் கரை வைத்து, பழைய இடத்திலேயே திரும்ப ஒட்ட வேண்டும். அப்போது ஒரே படம் சட்டத்துக்குள் சட்டமாகத் தோன்றும். பார்ப்பவர் மூன்று படங்களை நுட்பமாகப் பொருத்தியதாக எண்ணுவர். உண்மையில் அது ஒரே படமே.

வேண்டிய பொருட்கள்

நிறமுள்ள தடித்த மட்டை, வெள்ளைத் தாள், நிறத்தாள், அடிமட்டம், பென்சில், கத்தரிக்கோல், பசை, ஒட்டுநாடா, அலுவலகங்களில் முத்திரை குத்தப் பயன்படும் மைப்பெட்டி. மைப்பெட்டி இல்லையென்றால் ஈரத்துணியை நான்காக மடித்து, அதன்மேல் நீர்வண்ணத்தைத் தடிப்பாகப் பூசிக்கொள்ளுங்கள்.

முத்திரைகளை வீட்டிலேயே செய்யலாம். வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போன்ற பூ கிடைக்கும். வெட்டிய முகத்தில் வழுவழுப்பு இருக்குமாதலால், அதைத் தாளின்மேல் கவிழ்த்துச் சிறிது நேரம் உலரவிட்டே மை தொடவேண்டும். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, நட்சத்திரமோ ஓலையோ செதுக்கலாம். பல ஆண்டு நிலைக்கக்கூடிய முத்திரை வேண்டுமானால் பெரிய அழிறப்பரே சிறந்தது. செதுக்கும் வேலையைப் பெரியவர்களே செய்யட்டும். பிளேட்டைச் சிறுவர் கையிற் கொடுக்க வேண்டாம்.

முத்திரையிற் செதுக்கியது தாளில் இடம் வலம் மாறி விழும் என்பதை மறவாதீர்கள். பெயரின் முதலெழுத்தைச் செதுக்க விரும்பினால், அதை மென்மையான பென்சிலால் ஒரு தாளில் அழுத்தமாக எழுதி, அழிறப்பரின்மேல் கவிழ்த்து, பின்புறத்தை நகத்தால் தேயுங்கள். எழுத்து தானாகவே இடம் வலம் மாறிப் பதிந்துவிடும். அதன்படி செதுக்கினால் முத்திரை நேராக விழும்.

அளவுகள்

ஏ4 அளவான மட்டையைச் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியை இரண்டாக மடித்தால் 10.5 செ.மீ. அகலமும் 14.8 செ.மீ. உயரமும் உள்ள மடல் கிடைக்கும். ஒரு மட்டையில் இரண்டு மடல்கள் செய்யலாம்.

வெள்ளைத் தாள்கள்: பெரியது 9.5 × 13.8 செ.மீ.; நடுத்தரம் 6.5 × 10.8 செ.மீ.; சிறியது 3.5 × 7.8 செ.மீ.

நிறத்தாள்கள்: நடுத்தாளுக்கு 6.9 × 11.2 செ.மீ.; சிறிய தாளுக்கு 3.9 × 8.2 செ.மீ.

நிறத்தாள் ஒவ்வொரு பக்கத்திலும் 2 மி.மீ. மட்டுமே வெளியே தெரியும். பெரிய தாளுக்குத் தனிக்கரை தேவையில்லை; மட்டையின் நிறமே அதற்குக் கரையாகும்.

செய்முறை

முதலாவதாக, ஒவ்வொரு வெள்ளைத் தாளின் பின்புறத்திலும் மேற்பக்கத்தைக் காட்டும் ஓர் அம்புக்குறியை இடுங்கள். பிரித்தபின் எது மேல், எது கீழ் என்று திகைக்க நேராது.

இரண்டாவதாக, பெரிய தாளின் நடுவில் நடுத்தாளை வையுங்கள். நான்கு பக்கமும் 1.5 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். மூலைகள் நான்கிலும் பென்சிலால் மிக மெல்லிய புள்ளி இடுங்கள். அவ்வாறே நடுத்தாளின்மேல் சிறிய தாளை வைத்துப் புள்ளி இடுங்கள். இப்புள்ளிகள் பின்னர் நிறக்கரையின் கீழ் மறைந்துவிடும்.

மூன்றாவதாக, ஒட்டுநாடாவில் சிறு துண்டை வெட்டி, ஒட்டும் பக்கம் வெளியே இருக்க வளையமாகச் சுருட்டுங்கள். அதை உடுத்திருக்கும் துணியில் மூன்று நான்கு முறை தொட்டெடுத்தால் அதன் பிடி குறையும். அதன்பின் தாள்களுக்கு நடுவே வைத்து ஒட்டுங்கள். இப்படிச் செய்யாவிட்டால் பிரிக்கும்போது தாள் கிழிந்துவிடும்.

நான்காவதாக, தாள்களின் கீழே பழைய பத்திரிகையை மடித்து வைத்து முத்திரை குத்துங்கள். பெரிய முத்திரைகளை முதலில் குத்தவேண்டும். ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு தாள்களின்மேலாவது படவேண்டும் என்பதே இங்கு முக்கிய விதி. ஒரு தாளுக்குள்ளேயே அடங்கிவிடும் முத்திரையால் இந்த முறையின் அழகு வெளிப்படாது. ஓலைகள் ஓரங்களைக் கடந்து செல்லட்டும். நட்சத்திரத்தின் பாதி ஒரு தாளிலும் பாதி மற்றத் தாளிலும் விழட்டும். எஞ்சிய இடங்களைச் சிறிய பூக்களால் நிரப்புங்கள்.

தாளின் ஓரத்தை அடுத்து, மை படாத மெல்லிய வெள்ளைக் கோடொன்று தென்படலாம். மேல்தாளின் தடிப்பினால் முத்திரை அவ்விடத்தில் கீழே தொடுவதில்லை. இதற்காகக் கவலைப்பட வேண்டாம். நிறக்கரை அந்த இடத்தையே மூடும். ஆனால் வெள்ளைத் தாளுக்குப் பதிலாகத் தடித்த மட்டையை உபயோகித்தால் இடைவெளி பெரிதாகி, கரைக்கு வெளியேயும் தெரியும்.

ஐந்தாவதாக, மை நன்றாக உலரும்வரை காத்திருங்கள். பிரிப்பதற்கு முன் ஒரு முறை எட்ட நின்று பாருங்கள். எங்காவது வெறுமையாக இருந்தால் இப்போதே நிரப்ப வேண்டும். பிரித்தபின் குத்தும் முத்திரை ஓரங்களைத் தாண்டி ஒழுங்காகத் தொடராது.

ஆறாவதாக, மெதுவாகப் பிரித்து, ஒட்டுநாடாவை அகற்றுங்கள். நடுத்தாளையும் சிறிய தாளையும் அவற்றுக்குரிய நிறத்தாள்களில் ஒட்டுங்கள். பெரிய தாளை மட்டையின் நடுவில் ஒட்டி, அதன்மேல் நடுத்தாளையும், அதன்மேல் சிறிய தாளையும் பொருத்துங்கள். நிறக்கரை புள்ளிகளை மறைப்பதால், பசை பூசுமுன் வெறுமனே வைத்துப் பார்த்து, கோடுகள் ஒன்றையொன்று சந்திக்கின்றனவா எனக் கவனியுங்கள். மாப்பசையானால் மிக மெல்லியதாகப் பூசவேண்டும். ஈரம் கூடினால் தாள் சுருங்கும். ஒட்டியபின் கனமான புத்தகத்தின் கீழ் ஓர் இரவு வைத்தால் மடல் தட்டையாக இருக்கும். 11.4 × 16.2 செ.மீ. அளவான கடித உறை இதற்குப் பொருந்தும்.

குடும்பத்தோடு செய்யுங்கள்

இந்த வேலையைத் தனியொருவர் செய்வதைவிட வீட்டார் கூடிச் செய்வதே சிறப்பு. அளப்பதற்கும் வெட்டுவதற்கும் மூத்த பிள்ளைகள், முத்திரை குத்துவதற்குச் சிறுவர்கள், ஒட்டுவதற்கு அம்மா அல்லது அப்பா, உள்ளே எழுதுவதற்கு அம்மம்மா என வேலையைப் பகிரலாம். சிறுவரின் முத்திரை சற்றுச் சாய்ந்து விழுந்தாலும் திருத்த முயல வேண்டாம். கடையில் வாங்கும் மடலில் அது இராது. அதைப் பெறுபவர் தேடிப் பார்ப்பதும் அதையே.

நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரு பிள்ளை கொழும்பிலும், ஒரு பிள்ளை கனடாவிலும், பெற்றோர் ஊரிலுமாக வாழ்கின்றனர். இந்த மடலின் தாள்களும் அவ்வாறே. ஒன்றாக இருந்தபோது பதிந்த கோடு, பிரிந்தபின்னும் ஒவ்வொன்றிலும் இருக்கின்றது. ஒவ்வொன்றுக்கும் வேறு நிறக்கரை வந்துவிட்டது; ஆனாலும் அருகே வைத்ததும் கோடு தொடர்கின்றது. தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பும் மடலின் உள்ளே இதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். வேறு நீண்ட வாழ்த்து தேவையில்லை.

இரண்டாவது மடலை யாருக்கு அனுப்பலாம்? உங்கள் தெருவிலேயே தனித்து வாழும் முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். அவருக்குத் தபாலில் அனுப்ப வேண்டாம். முத்திரை குத்திய சிறுவர்களே கொண்டுபோய்க் கையிற் கொடுத்து, சிறிது நேரம் அவரோடு இருந்துவிட்டு வரட்டும்.