கம்பெனி கைமாறினால் டிஷ்ஷின் போல்ட்டைத் தொடாதீர்கள்

எதிர்வீட்டுப் பெரியம்மா திண்ணையில் பூண்டு கிள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனை நீட்டினார். "கம்பெனி மாறிருச்சாம்ப்பா. புதுப் பாக்ஸ் போடணுமாம், 1,500 அனுப்பச் சொல்றான்." அவருடைய டிஷ் கம்பெனி மாறவே இல்லை. பேப்பரில் ஏதாவது ஒரு 'இணைப்பு' செய்தி வந்தால் போதும், அடுத்த வாரமே இப்படி யாராவது போன் செய்வார்கள். ஏர்டெல்லும் டாடா பிளேயும் ஒன்றுசேரப் பேசியது 2025 மே மாதத்திலேயே முறிந்துவிட்டது. ஆனாலும் எங்கள் மலைக்கிராமம் பூம்பாறையில் டீக்கடைப் பேச்சில் அவை இன்னும் சேர்ந்தேதான் இருக்கின்றன.

முதலில், மாறியது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில் டாடா ஸ்கை 'டாடா பிளே' ஆனது வெறும் பெயர் மாற்றம். 2018 மார்ச்சில் வீடியோகான் டி2எச், டிஷ் டிவியோடு இணைந்தது முதலாளி மாற்றம். இரண்டிலும் மொட்டைமாடி டிஷ்ஷுக்கு வேலையே இல்லை. டிஷ் டிவியின் செயற்கைக்கோள் 95 டிகிரி கிழக்கில், டி2எச்சுடையது 88 டிகிரியில். கம்பெனி ஒன்றானாலும் வானத்தில் அவை ஒன்றாகவில்லை. 'ஒரே கம்பெனிதானே' என்று இதன் கார்டை அதன் பாக்ஸில் செருகிப் பார்ப்பவர்களும், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கூரை ஏறுபவர்களும் இருக்கிறார்கள். கார்டு வேலை செய்யாது. டிஷ் ஒரு விரற்கடை நகர்ந்தாலே படம் போய்விடும். மழைக்காலத்தில் அதைச் சரிசெய்ய கொடைக்கானலிலிருந்து ஆள் வருவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். செயற்கைக்கோள் மாறினால் கம்பெனியே திரையில் எழுதிப் போடும், ஆளும் அனுப்பும். அதுவரை போல்ட்டைத் தொடாதீர்கள்.

பாக்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் விசி (வியூயிங் கார்டு) நம்பரையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

அடுத்து, பதிவான மொபைல் எண். இங்கே பாதி வீடுகளில் டிஷ் மாட்ட வந்த பையன் அவசரத்துக்குத் தன் எண்ணையே போட்டுவிட்டுப் போயிருப்பான். பேக் மாறிய எஸ்எம்எஸ் முழுக்க அவனுக்குத்தான் போகும். அந்த எண்ணை இன்றே மாற்றுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். சிக்னல் இல்லையென்றால் மேலே பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து போன் போடுங்கள்.

இனி பில். எல்லாரும் தடுக்கி விழுவது இங்கேதான். கைமாறிய மாதமே கட்டணம் ஏறும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த மாதம் ஒன்றும் நடக்காது. நான்கைந்து மாதம் கழித்து 'உங்கள் பழைய பேக் நிறுத்தப்படுகிறது, அதற்கு இணையான பேக்குக்கு மாற்றப்பட்டுள்ளீர்கள்' என்று சத்தமில்லாமல் ஒரு வரி வரும். அந்த 'இணையான' என்ற சொல்லை நம்பாதீர்கள். பழைய பேக்கில் இல்லாத நான்கு சேனல் புதிதில் இருக்கும், நீங்கள் தினமும் பார்த்த ஒன்று இருக்காது.

ஆகவே மொத்தத் தொகையைப் பார்த்துப் பயனில்லை, மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, என்சிஎஃப் என்று போட்டிருக்கும் நெட்வொர்க் கட்டணம். இரண்டு, பே சேனல்களின் விலை. மூன்று, இரண்டையும் கூட்டி அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. நெட்வொர்க் கட்டணம் 130, சேனல்கள் 90 என்று வையுங்கள். கூட்டினால் 220, வரியோடு 259 ரூபாய் 60 காசு. நெட்வொர்க் கட்டணம் மட்டும் 150 ஆனால் 283 ரூபாய் 20 காசு. ஒரு சேனல்கூடக் கூடாமல் மாதம் 23 ரூபாய் 60 காசு கூடிவிட்டது. முன்பு இந்தக் கட்டணத்துக்கு 130 என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வரம்பு வைத்திருந்தது. 2019-ல் 100 சேனலுக்கு, 2020-ல் 200 சேனலுக்கு. 2024 ஜூலையில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். 'சட்டப்படி 130-தான்' என்று கஸ்டமர் கேரில் சண்டை போட்டு இனிப் பயனில்லை.

ஏறியது இரண்டாவதான சேனல் விலை என்றால், உங்கள் டிஷ் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் சேனல்காரரைப் பாருங்கள். 2024 நவம்பரில் டிஸ்னி ஸ்டாரும் வயாகாம்18-ம் இணைந்து ஜியோஸ்டார் ஆனபோது ஸ்டார் விஜய்யும் கலர்ஸ் தமிழும் ஒரே கூரைக்குள் வந்தன. சேனலின் விலையையும் தொகுப்பையும் முடிவு செய்வது ஒளிபரப்பாளர். டிஷ்காரர் வசூலித்துக் கொடுப்பவர்தான். என் வழக்கம், கைமாறுகிற செய்தி வந்த அன்றே ஆப்பில் சேனல் பட்டியலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுவது. பிறகு ஒப்பிட அதைவிட்டால் வேறு ஆதாரம் கிடைக்காது. வேண்டாத தொகுப்பை எடுத்துவிட்டு, பார்க்கிற சேனல்களைத் தனித்தனியாகச் சேர்த்து ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். சில வீட்டில் மிச்சமாகும், சில வீட்டில் தொகுப்பே மலிவாக இருக்கும். கூட்டிப் பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது. 'தனித்தனியா எடுத்தா மலிவு' என்று அடித்துச் சொல்பவர் கணக்குப் போட்டிருக்க மாட்டார்.

கைமாறிய பிறகு ஆறு மாதத்துக்கு மாத ரீசார்ஜ் மட்டும். ஒரு வருடம் மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்பார்கள், வேண்டாம். ரிலையன்ஸ் பிக் டிவி 2017 கடைசியில் விற்கப்பட்டபோது சுமார் 12 லட்சம் வாடிக்கையாளர்களுக்கும் சேவை தொடரும் என்றுதான் சொன்னார்கள். பிறகு அது இன்டிபென்டன்ட் டிவி என்று பெயர் மாறி, இரண்டு ஆண்டுக்குள் படமே நின்றுபோனது. முன்பணம் கட்டியவர்கள் பாக்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேபிள் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. கேபிள்காரர் லைனை வேறொருவருக்குக் கொடுத்தால், பாக்ஸ் யாருடையது என்று கேளுங்கள். அரசு கேபிள் பாக்ஸ் உங்களுக்கு இலவசமாகத் தந்தது, ஆனால் உடைமை அரசு கேபிள் டிவி கார்ப்பரேஷனுடையது. திருப்பிக் கொடுத்தால் கையெழுத்து போட்ட சீட்டு வாங்கிவிட்டுக் கொடுங்கள்.

புகார் சொன்னால் புகார் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகார் பேச்சோடு போச்சு. தீராவிட்டால் கம்பெனியின் நோடல் அதிகாரி, அதற்கும் மேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. டிராய்க்கு எழுதிக் காத்திருக்க வேண்டாம், தனிநபர் புகாரை அவர்கள் தீர்ப்பதில்லை.

எல்லாமே அலுத்துப்போச்சு என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி. சன் டைரக்டும் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷும் 93.5 டிகிரி கிழக்கிலிருந்துதான் வருகின்றன. சன் டைரக்ட் டிஷ்ஷைத் திருப்பாமலே ஃப்ரீ டிஷ் பாக்ஸை மாட்டலாம், மாதக் கட்டணம் கிடையாது. ஆனால் தமிழில் பெரும்பாலும் டிடி தமிழோடு திருப்திப்பட வேண்டியிருக்கும். பெரியம்மாவிடம் சொன்னேன். "சீரியல் வருமா?" என்றார். அவர் பார்க்கிறது வராது என்றேன். போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அந்த 1,500 கேட்ட எண்ணை எப்படி பிளாக் செய்வது என்று மட்டும் காட்டச் சொன்னார்.