காற்று எழும்பினால் படபடக்கும் நெஞ்சு

புயல் போய் எத்தனையோ மாதம் ஆன பிறகும் காற்றுச் சத்தத்துக்கு நெஞ்சு படபடக்கிறதா? அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். உங்கள் நரம்புகள் செய்கிற வேலை அது. வைத்தியமும் இருக்கிறது.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. கடலை விட்டு இவ்வளவு தள்ளியிருக்கிற மங்கலம்பேட்டையிலும் எங்கள் வீட்டு சிமெண்டு ஷீட்டைப் பிய்த்துக்கொண்டு போனது. மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் கொல்லை கொல்லையாக வேரோடு சாய்ந்தன. நிவாரணம் பற்றி ஊரே பேசியது. உடம்புக்குள் நடந்ததை யாரும் பேசவில்லை.

அப்போது விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனியில் வேலை பார்த்தேன். யாராவது ஒரு தட்டைக் கீழே போட்டால் போதும், உள்ளங்கை வேர்த்துவிடும், வாய் உலரும், வயிறு கலக்கும். ராத்திரி வேப்பமரம் அசைந்தால் தூக்கம் போய்விடும். மாரடைப்போ என்று பயந்து ஈ.சி.ஜி. எடுத்தேன். சரியாக இருந்தது. நீங்களும் இதை முதலில் செய்யுங்கள். இதயம், தைராய்டு, ரத்தசோகை மூன்றையும் பார்த்த பிறகு மனநல மருத்துவரிடம் போனால், வேறு நோய் இருக்குமோ என்ற கவலை இல்லாமல் பேசலாம்.

நான் போன மனநல மருத்துவர் விளக்கியது எனக்குப் பெரிய ஆறுதல். நம் கட்டளைக்குக் காத்திராமல் இதயம், குடல், வியர்வை எல்லாவற்றையும் நடத்துவது தன்னியக்க நரம்பு மண்டலம். ஆபத்து வந்தால் அதில் பரிவு நரம்புகள் முடுக்கிவிடும். அட்ரினலின் சுரந்து துடிப்பு ஏறும், செரிமானம் மந்தமாகும். ஆபத்து நீங்கியதும் எதிர்ப்பரிவு நரம்புகள் அடக்க வேண்டும். அவற்றில் முக்கியமானது வேகஸ் நரம்பு, இதயத்துக்கு அதுதான் பிரேக். தானாக விட்டால் நிமிடத்துக்கு நூறு முறை போலத் துடிக்கக்கூடிய இதயத்தை எழுபதுக்குப் பக்கத்தில் வைத்திருப்பது அதுவே. பேரதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கிற, பி.டி.எஸ்.டி. என்கிற இந்தப் பாதிப்பில் அந்த பிரேக்கின் பிடி தளர்ந்துபோகிறது. ஆபத்தை மோப்பம் பிடிக்கிற அமிக்டலா என்ற மூளைப்பகுதியோ சின்னச் சத்தத்துக்கும் கிளம்பிவிடுகிறது. தைரியம் சொன்னால் மட்டும் இது அடங்காததற்குக் காரணம் இதுதான்.

எனக்கு உடனே கைகொடுத்தது மூச்சு. வெளியே விடும்போது இதயம் கொஞ்சம் மெதுவாகும், வேகஸ் நரம்பின் வேலை அது. அதனால் இழுப்பதைவிட விடுவது நீளமாக, நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவில், படபடப்பு இல்லாத நேரத்திலேயே தினமும் பழகுங்கள். படபடப்பு வந்தபின் புதிதாக ஆரம்பித்தால் கைகூடாது. யாழ்ப்பாணத்தில் போரில் நொந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பிராணாயாமத்தையும் அவரவர் மதத்து ஜபத்தையும் சிகிச்சையில் சேர்த்திருக்கிறார். எங்கள் ஊரில் பயந்தவர்களுக்குக் கயிறு கட்டுவதும் ஓதி ஊதுவதும் உண்டு. மனசுக்கு இதமென்றால் செய்துகொள்ளுங்கள், டாக்டரைத் தள்ளிப்போடாமல்.

ஆனால் மூச்சு மட்டும் என்னைக் குணமாக்கவில்லை. காற்று வீசினால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளறைக்குள் முடங்குவேன். முடங்க முடங்கப் பயம் வளர்ந்தது. ஆலோசகர் துணையோடு முதலில் லேசான காற்றில் ஜன்னலருகே உட்கார்ந்தேன், பிறகு அந்தப் புயல் ராத்திரியை வாய்விட்டுச் சொன்னேன், அழுகையோடு, திரும்பத் திரும்ப. கஷ்டமான வேலைதான். துணையில்லாமல் இதை முயல வேண்டாம். டாக்டர் செர்ட்ராலின் போன்ற மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், நடுவில் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் டிவியில் புயல் செய்தியையே பார்த்துக்கொண்டிருக்காமல், வானிலை அறிக்கையைக் காலையும் மாலையும் ஒருமுறை கேளுங்கள். மழைக்கு முன்பே கூரையை இறுக்கிக் கட்டிவிடுங்கள், அது நிஜமான பாதுகாப்பு.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. பின்னால் வந்து தொடாதீர்கள், தொட்டு எழுப்பாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "இதுக்கெல்லாமா பயப்படுவே?" என்று கேட்காதீர்கள். பெரும்பாலானவர்கள் தானாகவே தேறிவிடுவார்கள். ஒரு மாதம் தாண்டியும் தூக்கம், வேலை, சாப்பாடு கெட்டிருந்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். உடனே பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.