கையடக்கச் சதுரங்கக் கணினி எத்தனை நகர்த்தல் முன்னே பார்க்கும்?

எங்கள் பள்ளிச் சதுரங்க மன்றத்தில் கையடக்கச் சதுரங்கக் கணினி ஒன்று இருக்கிறது. பேட்டரியில் இயங்கும், சதுரங்கம் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது. "இதைவிடப் பலமான செயலி கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கிறதே, பிறகு இது எதற்கு?" என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

1977-இல் அமெரிக்காவின் ஃபிடெலிட்டி நிறுவனம் 'செஸ் சேலஞ்சர்' என்னும் வீட்டுச் சதுரங்கக் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதல் மாதிரியில் ஒரே ஆட்டநிலைதான். கட்டங்களைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும்கூட இடம் மாறியிருந்தன! 1988-இல் அதே நிறுவனத்தின் மேசைக் கணினி ஒன்று அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பிடம் 2265 தரப்புள்ளி பெற்றது. அங்கே 2200-ஐத் தாண்டினாலே 'மாஸ்டர்' நிலை. (இடையில் நகர்த்தலை வாய்விட்டுச் சொல்லும் மாதிரியும் வந்தது. பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்குக் கற்பிப்போர் இதைக் கவனிக்கலாம்.) கையடக்கக் கருவிகள் அந்த அளவு பலமானவை அல்ல. ஆனால் பள்ளி மாணவரைத் திணறடிக்க அவை போதும்.

கைப்பேசியோடு பலத்தில் போட்டியிடவே முடியாது. 2009-இல் பியூனஸ் அயர்ஸில் நடந்த போட்டியில், கைப்பேசியில் இயங்கிய 'பாக்கெட் ஃபிரிட்ஸ் 4' பத்து ஆட்டங்களில் ஒன்பதரைப் புள்ளி எடுத்தது. 1997-இல் காஸ்பரோவை வென்ற டீப் புளூ நொடிக்கு 20 கோடி நிலைகளை ஆராய்ந்தது. இந்த நிரலுக்கு நொடிக்கு 20,000-க்கும் குறைவான நிலைகளே போதுமாக இருந்தன.

ஆனால் நான் பார்ப்பது பலத்தை அல்ல, பலவீனத்தின் தன்மையை. ஆட்ட நடுவில் ஒருவருக்குச் சராசரியாக 35 நகர்த்தல்கள் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். எதிராளியின் பதிலையும் சேர்த்தால் 35², அதாவது 1,225. இருவரும் இரண்டிரண்டு முறை நகர்த்தினால் 35⁴, ஏறத்தாழ 15 லட்சம். எட்டாம் வகுப்பில் அடுக்குகள் நடத்தும்போது இந்தக் கணக்கைத்தான் கரும்பலகையில் எழுதுகிறேன். தேவையற்ற கிளைகளை நிரல் வெட்டிவிட்டாலும், சின்னச் சில்லு ஓர் ஆழத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் இருப்பது அதற்கு இல்லாததே.

இதன் விளைவை மாணவர்கள் கண்ணால் பார்க்கலாம். கணினியின் மந்திரி சிக்கிக்கொண்டது, எப்படியும் போய்விடும். உடனே அது சிப்பாய்களை ஒவ்வொன்றாகக் காவுகொடுத்து நம் ராஜாவுக்குச் 'செக்' வைக்கும். இழப்பு தன் பார்வை எல்லைக்கு வெளியே தள்ளிப்போனதும், தப்பிவிட்டதாகவே அதன் கணக்கு சொல்லும். கடைசியில் சிப்பாய்களும் போகும், மந்திரியும் போகும். கணினி அறிஞர் ஹான்ஸ் பெர்லினர் இதற்கு 'அடிவான விளைவு' என்று பெயரிட்டார். 'இப்போது அது என்ன செய்யும்?' என்று பொத்தானை அழுத்துமுன் நோட்டில் எழுதச் சொல்கிறேன். பல முறை சரியாகவே எழுதுகிறார்கள்.

செயலிகள் பலவற்றில் இது நடக்காது. தொடக்கநிலையைத் தேர்ந்தெடுத்தால், இருபது நகர்த்தல் அற்புதமாக ஆடிவிட்டுத் திடீரென ராணியைச் சும்மா கொடுத்துவிடும். வேண்டுமென்றே புகுத்திய பிழை அது. "ஏன் சார் கொடுத்தது?" என்று மாணவர் கேட்டால் சொல்வதற்குக் காரணமே இல்லை. காரணமில்லாத பிழையிலிருந்து கிடைக்கும் வெற்றி மாணவருக்கு எதைக் கற்றுத்தரும்?

கருவியின் சிறு திரையை மட்டும் பார்த்து ஆட விடுவதில்லை. பக்கத்தில் மரப்பலகையில் காய்களை அடுக்கி, இரு தரப்பு நகர்த்தலையும் கையால் வைக்க வேண்டும். இருவர் சேர்ந்து ஒரு கருவியோடு ஆடினால் இன்னும் நல்லது. பேசித்தானே முடிவெடுக்க வேண்டும்!

வாங்க நினைப்போர் பெட்டியில் அச்சிட்ட தரப்புள்ளியை அப்படியே நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது தாராளமாகப் போடப்பட்டிருக்கும். பழைய கருவி என்றால் முதலில் பேட்டரி மூடியைத் திறந்து, கம்பிச்சுருளில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.