தண்ணீர் குறைவா? தொட்டி வாடாது!

கோடையில் ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தால் மாடித் தொட்டிகள் கருகிக் கிடக்கின்றனவா? செடியை மாற்றுங்கள்.

1. சோற்றுக்கற்றாழை, பிரண்டை, பத்துமணிப்பூ, அடீனியம் வையுங்கள். தண்டிலோ இலையிலோ நீரைச் சேமித்துக்கொள்பவை இவை.

2. அடியில் துளையுள்ள மண்தொட்டியே நல்லது. பக்கச்சுவர் வழியாகவும் ஈரம் காயும். பார்வைக்கு அழகான பீங்கான் கோப்பைகளை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

3. மண், மணல், மட்கிய உரம் மூன்றையும் சம அளவில் கலக்குங்கள். தென்னைநார்க் கழிவைக் குறையுங்கள். அது ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

4. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்றாதீர்கள். இந்தச் செடிகள் தாகத்தால் சாவதைவிட நம் பாசத்தால் அழுகிச் சாவதே அதிகம். இலை மஞ்சளாகிக் கொழகொழத்தால் நீர் மிகுதி. சுருங்கி மெலிந்தால் நீர் போதவில்லை.

5. கற்றாழைப் பக்கக்கன்றைப் பிரித்ததும் இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டு வையுங்கள். காயம் ஆறாமல் நட்டால் அழுகும்.

6. தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம். வேரும் அழுகும், டெங்கு கொசுவும் முட்டையிடும்.

7. ஐப்பசி மழை தொடங்குமுன் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கு நகர்த்துங்கள். தொடர் மழையை இவை தாங்கா.

8. அடீனியம், கள்ளி வகைகளை வெட்டும்போது கையுறை போடுங்கள். அடீனியத்தின் பால் நஞ்சு; கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கலாம். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இவ்விரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.