மயக்க மருந்தும் இறங்கும் பிரஷரும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குச் சத்திரசிகிச்சை என்றதும் நினைவுக்கு வரும் இடங்களில் ஒன்று, களுபோவிலயில் உள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை. அங்கே என்றில்லை, எந்த வைத்தியசாலையிலும் தியேட்டர் வாசலில் காத்திருப்போரைக் கலங்கடிக்க ஒரு சொல் போதும்: “பிரஷர் இறங்கிப்போச்சாம்.” அந்தக் கலக்கத்தின் பின்னால் சில தவறான நம்பிக்கைகள் இருக்கின்றன.

நம்பிக்கை: மயக்க மருந்து நித்திரையாக்கும், அவ்வளவுதான். பிரஷர் இறங்கினால் ஏதோ பிழை நடந்திருக்கிறது.

உண்மை: குருதிக்குழாய்களின் சுவரில் தசை உண்டு. பரிவு நரம்புகள் இரவு பகலாக அதை ஓரளவு இறுக்கியே வைத்திருக்கின்றன. புரொப்போபோல் என்ற மயக்க மருந்து ஏறியதும் அந்த நரம்புகளின் கட்டளை தணிகிறது. செவோபுளுரேன், ஐசோபுளுரேன் போன்ற வாயு மருந்துகளும் சுவரைத் தளர்த்துகின்றன. நாளங்கள் அகன்று குருதி அங்கேயே தேங்க, இதயத்துக்குத் திரும்பும் அளவு குறைகிறது. அழுத்தம் விழுந்தால் இதயத்துடிப்பைக் கூட்டிச் சரிக்கட்டும் உடலின் அனிச்சைச் செயலையும் இம்மருந்துகள் மந்தமாக்குகின்றன. ஆகவே, மயக்கிய முதல் சில நிமிடங்களில் பிரஷர் இறங்குவது எதிர்பார்த்த விளைவே. எல்லா மருந்தும் ஒரே மாதிரி அல்ல. கெற்றமின் பெரும்பாலும் பிரஷரை ஏற்றும்; எற்றோமிடேற் அவ்வளவாக அசைக்காது. நோயாளியைப் பார்த்துத்தான் மருந்து தெரிவாகிறது.

நம்பிக்கை: முதுகில் போடும் விறைப்பு ஊசி காலை மட்டும் மரக்கச் செய்யும், பிரஷரைத் தொடாது.

உண்மை: சீசர் சத்திரசிகிச்சைக்கு மரப்பு மார்பு மட்டம் வரை ஏற வேண்டும். குழாய்களை இறுக்கும் நரம்புகள் முள்ளந்தண்டின் மார்புப் பகுதியிலிருந்தும் மேல் இடுப்புப் பகுதியிலிருந்தும் புறப்படுவதால் அவையும் சேர்ந்து அடங்கிவிடுகின்றன. பெருத்த கருப்பை வயிற்றின் பெருநாளத்தை அழுத்துவது நிலையை மோசமாக்கும். தாயை இடப்பக்கம் சற்றுச் சரித்துப் படுக்க வைப்பதும், பினைலெப்ரின் மருந்தும் சேலைனும் ஏற்றுவதும் இதற்காகத்தான். குமட்டல், தலைச்சுற்று வந்தால் தாய் உடனே சொல்லவேண்டும். பிரஷர் இறங்குவதன் முதல் அறிகுறி அதுவாக இருக்கலாம்.

நம்பிக்கை: மூச்சு சீராக இருந்தால் போதும்.

உண்மை: இதை ஒரு காலத்தில் வைத்தியர்களே நம்பினார்கள். ஹைதராபாத்தில் நிசாமின் செலவில் 1888, 1889 ஆகிய ஆண்டுகளில் அக்கால மயக்க மருந்தான குளோரோபோம் பற்றி இரண்டு ஆணைக்குழுக்கள் விலங்குகளில் பரிசோதனை நடத்தின. குளோரோபோம் முதலில் மூச்சைத்தான் நிறுத்தும், இதயத்துக்கு நேரடி ஆபத்து இல்லை, ஆகவே மூச்சைக் கவனித்தால் போதும் என்பது அவற்றை முன்னின்று நடத்திய வைத்தியர் எட்வர்ட் லோரியின் தரப்பு. 1911இல் லண்டனில் வைத்தியர் கூட்மன் லெவி பூனைகளில் செய்த ஆய்வு, இலேசான குளோரோபோம் மயக்கத்திலேயே இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடலாம் என்று காட்டியது. இதற்கிடையே 1901இல் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங், இத்தாலியின் பவியா நகரில் ரிவா-ரொச்சியின் பிரஷர் அளக்கும் கைப்பட்டிக் கருவியைக் கண்டு, அம்முறையைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். இன்று தியேட்டரில் குறைந்தது 5 நிமிடத்துக்கு ஒரு தடவை பிரஷர் பார்ப்பது வழக்கம்.

நம்பிக்கை: எப்படியும் பிரஷர் இறங்கும்தானே, பிரஷர் குளிசைகளை நாமே நிறுத்திவிடலாம்.

உண்மை: இது ஆபத்தான முடிவு. அட்டனலோல் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் இதயம் பாதிக்கப்படலாம். அவை வழக்கமாகத் தொடரப்படும். லொசார்ட்டன், எனலப்ரில் போன்றவை மயக்க மருந்தோடு சேர்ந்து பிரஷரைக் கூடுதலாக இறக்கலாம் என்பதால், பல மயக்க மருந்து நிபுணர்கள் அவற்றை 24 மணித்தியாலம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எதை நிறுத்துவது என்பது அவர்களின் தீர்மானம். கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நாட்டு மருந்து எடுத்தால் அதையும் மறைக்காதீர்கள்.

நம்பிக்கை: முதல் நாள் இரவிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது.

உண்மை: வேறு தடையில்லாத பெரியவர்கள் வெறும் தண்ணீரை 2 மணித்தியாலம் முன்புவரை குடிக்கலாம் என்பதே இன்றைய பொது வழிகாட்டல், திட உணவுக்கு 6 மணித்தியாலம். நீர் வற்றிய உடலில் பிரஷர் இன்னும் வேகமாக இறங்கும். உங்களுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்று வார்டில் தாதியிடம் முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.