பிந்தித் தெரிந்துகொண்ட உம்மாமாருக்கு

பிள்ளையைக் காட்டப் போன இடத்தில், உங்களுக்கும் ஏ.டி.எச்.டி. என்கிற கவனச்சிதறல் இருக்கு என்று டாக்டர் சொல்லியிருப்பார். பயப்படாதீங்க மகள்மாரே, கேளுங்க.

1. பொடுபோக்குக்காரி என்று ஊர் சொன்னதை இனி நீங்களும் சொல்லாதீங்க. ஏ.டி.எச்.டி. என்பது மூளை வேலை செய்யும் விதம். பெரும்பாலும் பரம்பரையில் வருவது, பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கும். குழப்படி செய்த பையனை வாத்திமார் கண்டுகொண்டாங்க. பராக்குப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் இருந்த பெண்பிள்ளையை யாரும் கண்டுகொள்ளல்ல. அந்த அநியாயத்தை உங்கட மகளுக்கும் நடக்க விடாதீங்க.

2. வேலைகளை மனசில் வைக்காதீங்க, வாங்கோடு சேர்த்து வைங்க. சுபஹுக்குத் தண்ணிப் போத்தல். அசருக்கு மத்ரஸா போற பிள்ளையின் உடுப்பு. இஷாவுக்கு நாளைய புத்தகப் பை. ஒரு வாங்குக்கு ஒரு வேலைதான், ஆசைப்பட்டு மூன்றைச் சேர்த்தால் மூன்றும் போயிடும். மணிக்கூட்டை நீங்க பார்க்க மறக்கலாம், பள்ளிவாசல் ஒலிபெருக்கி உங்களைத் தேடி வரும். நம்ம பக்கத்தில் வருஷம் முழுக்க வாங்கு நேரம் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவாகத்தான் முன்பின் நகரும். அதனால் பழக்கம் குலையாது.

3. அடுப்பில் சட்டி இருக்கும்போது குசினியை விட்டு வெளிக்கிடாதீங்க.

4. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது என்று இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வாறார். அதனால் உம்மாவும் ராத்தாவும் கூப்பிடு தூரத்தில் இருக்காங்க. தூரத்து ஊரில் தனியாகக் குடும்பம் நடத்துறவளுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. ஆனால் முதலில் குறை சொல்றதும் அதே உம்மாதான், அது எனக்குத் தெரியும். அதனால் "கொஞ்சம் பாருங்க உம்மா" என்று பொதுவாகக் கேட்காதீங்க. "ஊசி போடுற கிளினிக் இருக்கிறதை அதுக்கு முதல் நாள் இரவு ஞாபகப்படுத்துங்க" என்று வேலையைப் பேர் சொல்லிக் கொடுங்க. பொறுப்பு கையில் வந்தால் குறை சொல்றதும் குறையும்.

5. மாதவிலக்குக்கு முந்திய நாட்களிலும் பிள்ளை பெற்ற பிறகும் ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் இறங்கும், பலருக்குக் கவனம் இன்னும் சிதறும். அந்த நாட்களில் கடன் கணக்கையும் குடும்பச் சண்டையையும் தீர்க்க உட்காராதீங்க.

6. மருந்து தந்திருந்தால், நோன்புக்காக நீங்களாகவே நிறுத்தவோ நேரம் மாற்றவோ வேண்டாம். ஷஃபானிலேயே டாக்டரிடம் போய், ஸஹரில் குடிக்கலாமா என்று கேளுங்க. கர்ப்பம் தரித்தாலும் பால் கொடுத்தாலும் நீங்களாக முடிவெடுக்காமல் டாக்டரிடமே கேளுங்க. மனம் தாங்காமல் போற இரவில், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம். அந்த இலக்கத்தை இப்பவே போனில் பதிஞ்சு வைங்க.